பிரவுசரிலேயே லைடார்: புள்ளித்திரளைத் திறந்து அளப்பது எப்படி? (ரீயூனியன் தமிழருக்கு)

கோயிலுக்கு மதில் எடுக்க மதிப்பீடு போட வேண்டும். கரும்புக் கொல்லையை ஒட்டி ஓடும் ரவீனின் (ஓடைப் பள்ளம்) கரை எவ்வளவு உயரம் என்று தெரிய வேண்டும். மண்டபத்துத் தகரக் கூரையை மாற்ற எத்தனை சதுர மீட்டர் தகரம் வாங்குவது என்று கணக்குப் பார்க்க வேண்டும். டேப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்புமுன் இவற்றையெல்லாம் வீட்டுக் கணினியில், பிரவுசருக்குள்ளேயே ஒருமுறை அளந்து பார்த்துவிடலாம். ரீயூனியனில் இருப்பவர்களுக்கு அதற்கான தரவும் காசில்லாமல் கிடைக்கிறது. பிரான்ஸின் நிலப்பட நிறுவனமான ஐஜிஎன், ‘லைடார் எச்டி’ என்ற திட்டத்தில் பிரெஞ்சு கயானா நீங்கலாகக் கடல் கடந்த மாவட்டங்களையும் சேர்த்து விமானத்திலிருந்து லேசரால் அளந்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிடுகிறது.

லைடார் என்பது இந்த லேசர் அளவைதான். லேசர் துடிப்பு கீழே பாய்கிறது, இலையிலோ கூரையிலோ தரையிலோ பட்டுத் திரும்புகிறது. திரும்பிய ஒவ்வொரு எதிரொலியும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்குக் கிழக்கு, வடக்கு, உயரம் என்று மூன்று எண்கள். கோடிக்கணக்கில் சேர்ந்த இந்தப் புள்ளிகளைத்தான் புள்ளித்திரள், பாயின்ட் கிளவுட் என்கிறோம். லைடார் எச்டி சதுர மீட்டருக்கு 10 துடிப்பு என்ற அடர்த்தியில் பறக்கிறது. அப்படியென்றால் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையே சராசரியாக 32 சென்டிமீட்டர் இடைவெளி. இந்த 32 சென்டிமீட்டரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லப்போகும் பாதித் தவறுகளுக்கு வேர் அதுதான்.

தரவை எடுப்பது

தரவு 1 கிலோமீட்டருக்கு 1 கிலோமீட்டர் சதுரக் கட்டங்களாக வருகிறது. பிரெஞ்சுப் பக்கத்தில் கட்டத்தை ‘தால்’ என்பார்கள், புள்ளித்திரளை ‘நுவாஜ் த புவேன்’ என்பார்கள். கட்ட வரைபடத்தில் உங்கள் ஊரைப் பெரிதாக்கி, வேண்டிய கட்டத்தைத் தொட்டால் ‘தெலெஷார்ஜே’ பொத்தான் வரும். வகைப்படுத்தப்பட்ட தரவு என்பதைப் பார்த்து எடுங்கள். அதில்தான் எது தரை, எது மரம், எது கட்டடம் என்று ஒவ்வொரு புள்ளிக்கும் எண் போட்டிருக்கும். அளவெடுப்பில் பாதி வேலையை அந்த எண்தான் செய்யும்.

ஒரு கட்டத்தில் குறைந்தது 1 கோடித் துடிப்புகள். காட்டுப் பகுதியில் ஒரே துடிப்பு கிளை, இலை, தரை என்று மூன்று நான்கு முறை எதிரொலிப்பதால் புள்ளிகள் பல மடங்கு கூடும். ஒரு கோப்பு சில நூறு மெகாபைட் வரும். ஆகவே ஆசைப்பட்டுப் பத்துக் கட்டத்தை ஒரேயடியாக இறக்காமல், ஒன்றை வைத்துப் பழகுங்கள். உங்கள் இடம் இரண்டு கட்டங்களின் ஓரத்தில் விழுந்தால் மட்டும் இரண்டையும் எடுங்கள்.

கோப்புப் பெயரின் கடைசியில் காப்க் (copc), லாஸ் (laz) என்ற இரண்டு ஒட்டுகள் இருக்கும். லாஸ் என்பது சுருக்கப்பட்ட புள்ளிக் கோப்பு. காப்க் என்பது அதையே, மேலோட்டமான புள்ளிகள் முதலில், நுணுக்கமானவை பிறகு என்று அடுக்கி வைத்த வடிவம். பிரவுசர் முழுக் கோப்பையும் இழுக்காமல், நீங்கள் பார்க்கும் இடத்துக்குத் தேவையான துண்டை மட்டும் கேட்டு வாங்க முடிவது இந்த அடுக்கினால்தான்.

திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியவை

சும்மா பார்க்க மட்டும் என்றால் எதையும் நிறுவ வேண்டாம். காப்க் வடிவத்தை உருவாக்கிய ஹோபு நிறுவனம் இணையத்திலேயே ஒரு பார்வைக் கருவி வைத்திருக்கிறது. கோப்பை அதில் இழுத்துப் போட்டால் திறந்துகொள்ளும். ஆனால் விரிவாக அளக்க, அளந்ததைச் சேமிக்க, பிறருக்குக் காட்ட, போட்ரீ வேண்டும். வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஷூட்ஸ் உருவாக்கிய திறமூலக் கருவி அது. பிரெஞ்சு மொழித் திரையும் அதில் உண்டு.

போட்ரீக்கு இரண்டு பகுதிகள். ஒன்று போட்ரீ கன்வெர்ட்டர்: லாஸ் கோப்பைக் கொடுத்தால் எட்டுக்கிளை மரமாக, அதாவது இடத்தை எட்டெட்டுத் துண்டாகப் பிரித்துக்கொண்டே போய், அடுக்கித் தரும். இரண்டாம் பதிப்பு என்றால் வெளியீட்டுக் கோப்புறையில் மூன்று கோப்புகள் இருக்கும்: விவரக் கோப்பு ஒன்று, அடுக்குமுறைக் கோப்பு ஒன்று, புள்ளிகள் அடங்கிய பெரிய கோப்பு ஒன்று. மூன்றில் ஒன்று குறைந்தாலும் மாற்றம் பாதியில் நின்றுவிட்டது என்று பொருள், பெரும்பாலும் வட்டில் இடம் போதாமல். கோப்பின் அளவைப் போலப் பல மடங்கு காலியிடம் வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். பக்கத்தையும் சேர்த்து உருவாக்கும் விருப்பத்தை இயக்கினால் பார்வைப் பக்கமும் தயாராகிவிடும்.

இன்னொரு பகுதி பிரவுசரில் ஓடும் பார்வைக் கருவி. உருவான பக்கத்தை இரட்டைக் கிளிக் செய்து திறந்தால் கறுப்புத் திரைதான் வரும், பதற வேண்டாம். வட்டில் இருக்கும் கோப்பைப் பக்கம் தானாகப் படிப்பதை பிரவுசர் பாதுகாப்புக்காகத் தடுக்கிறது. உள்ளூர் சர்வர் ஒன்றை ஓட்டி, அதன் வழியாகத் திறக்க வேண்டும். இங்கே புதியவர்கள் எல்லாரும் விழும் குழி ஒன்று உண்டு. பைத்தானோடு வரும் எளிய சர்வரை ஓட்டுவார்கள். பக்கம் வரும், பட்டியல் வரும், புள்ளி மட்டும் வராது. அந்த சர்வருக்குக் கோப்பின் நடுவிலிருந்து ஒரு துண்டை மட்டும் எடுத்துத் தரத் தெரியாது என்பதுதான் காரணம். போட்ரீ கேட்பதோ துண்டு துண்டாக. போட்ரீயின் மூலக் கோப்புறையில் நோட் (Node.js) என்ற மென்பொருள் வழியாக ஓடும் சர்வர் கூடவே வருகிறது. அதையே பயன்படுத்துங்கள், முகவரியின் கடைசியில் 1234 என்ற வாயில் (போர்ட்) எண் இருக்கும்.

திறந்த பிறகும் கறுப்பாக இருந்தால், கோப்பில் நிறம் இல்லாமல் இருக்கலாம். தோற்றப் பட்டியில் நிறத்துக்குப் பதில் உயரம் அல்லது வகைப்பாடு என்று மாற்றிப் பாருங்கள். உயரம் என்று மாற்றியும் எல்லாம் ஒரே நீலமாகத் தெரிந்தால், எங்கோ மேகத்திலோ பறவையிலோ பட்ட ஒரு புள்ளி உயர வீச்சை இழுத்துப் பிடித்திருக்கிறது. வடிகட்டியில் 7, 18 ஆகிய இரண்டு வகைகளையும் அணையுங்கள், இரண்டும் இரைச்சல். பிறகு உயர வீச்சைக் கையால் குறுக்குங்கள். கடலோர ஊருக்கு 0 முதல் 60 மீட்டர் வைத்தால் வீடுகள் தனித்தனியாகத் தெரியும். 3,071 மீட்டர் உயரப் பித்தோன் தே நேஜ் வரைக்குமான வீச்சை வைத்தால் ஒன்றும் தெரியாது.

வகை எண்கள் சில: 2 தரை, 3 முதல் 5 வரை செடிகொடி மரம், 6 கட்டடம், 9 நீர், 17 பாலத்தளம். 64-இலிருந்து மேலே வருபவை ஐஜிஎன் தன் தேவைக்கு வைத்துக்கொண்டவை. அவற்றில் 66 மட்டும் கவனம். அது லேசர் பட்ட புள்ளி அல்ல, நிலமாதிரியைச் சீராக்கக் கணக்குப் போட்டுச் சேர்த்த புள்ளி. அதன்மேல் கிளிக் செய்து அளப்பது, யாரோ வரைந்த கோட்டை அளப்பதற்குச் சமம். அளக்குமுன் அணைத்துவிடுங்கள்.

அளப்பது

முதல் விதி: போட்ரீயில் நீங்கள் கிளிக் செய்வது ஒரு பரப்பை அல்ல, திரையில் அப்போது இறங்கியிருக்கும் ஒரு புள்ளியை. தூரத்திலிருந்து பார்க்கும்போது பத்தில் ஒரு பங்குப் புள்ளிகள்கூட இறங்கியிருக்காது. அந்த நிலையில் சுவரோரத்தைக் கிளிக் செய்தால், கர்சருக்குப் பக்கத்தில் எது கிடைக்கிறதோ அதில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே அளக்க வேண்டிய இடத்தில் இரட்டைக் கிளிக் செய்து நெருங்குங்கள். புள்ளி வரம்பு வழக்கமாக 10 லட்சத்தில் இருக்கும். கணினி தாங்கினால் 30, 40 லட்சத்துக்கு ஏற்றுங்கள். படம் அசைவதை நிறுத்தி, புதிய புள்ளிகள் வந்து விழுவது நின்ற பிறகு கிளிக் செய்யுங்கள். ஐந்து நொடிப் பொறுமைதான், அரை மீட்டர் பிழை போய்விடும். புள்ளி அளவைச் சிறிதாக்கிக்கொள்வதும் உதவும். பெரிய புள்ளிகள் பார்க்க அழகாக நிரப்பினாலும் பின்னால் இருப்பதை மறைத்துவிடும்.

தூரக் கருவியில் இடக் கிளிக்கால் புள்ளி வைத்து, வலக் கிளிக்கால் முடிக்க வேண்டும். அது தருவது முப்பரிமாண நேர்த்தூரம், படுக்கைத் தூரம் அல்ல. சரிவில் 30 மீட்டர் அளந்தால் அது சரிவின் நீளம். நிலப்படத்தில் வருவது அதைவிடக் குறைவு. உயரக் கருவி இரண்டு புள்ளிகளின் உயர வித்தியாசத்தை மட்டும் தரும். மதில், கூரை விளிம்பு, ரவீன் கரை இவற்றுக்கு அதுதான் ஏற்றது.

பரப்பளவுக் கருவி நீங்கள் வைத்த மூலைகளைக் கீழே தரைமேல் வீழ்த்தித்தான் கணக்கிடுகிறது. சாய்ந்த தகரக் கூரைக்கு இது குறைவாகவே காட்டும். கூரை 80 சதுர மீட்டர் என்று வந்து, சாய்வு 20 பாகை என்றால், 80-ஐ 20 பாகையின் கோசைனால் வகுங்கள்: 85.1. ஐந்து சதுர மீட்டர் தகரம் வித்தியாசம். சாய்வு தெரியாவிட்டால், மோட்டு வளையில் ஒரு புள்ளி, இறவானத்தில் ஒரு புள்ளி வைத்து உயர வித்தியாசத்தையும் படுக்கைத் தூரத்தையும் எடுத்துக் கணக்கிடலாம்.

கூரையின் நீளத்திலும் ஒரு பக்கமாகவே சாயும் பிழை உண்டு. லேசர் மிகச் சரியாக விளிம்பில் விழுவது அபூர்வம். கடைசிப் புள்ளி விளிம்புக்குள்ளே எங்கோ இருக்கும், அடுத்தது தரைக்குப் போயிருக்கும். எனவே கட்டடம் எப்போதும் கொஞ்சம் குட்டையாகத்தான் அளவுக்கு வரும், இரு பக்கமும் சேர்த்து 30 சென்டிமீட்டர் வரை. ஒரே இடத்தில் அளக்காமல், விளிம்பு நெடுக நாலைந்து இடத்தில் அளந்து அவற்றில் பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற அளவுகளுக்குச் சராசரி பொருந்தும், விளிம்புக்குப் பொருந்தாது.

கோபுரத்தை அளக்கும்போது இது இன்னும் கூர்மையாகத் தெரியும். தீவின் கோயில் கோபுரங்களைப் புள்ளித்திரளில் பார்த்தால், அடுக்கடுக்காக ஏறும் வடிவம் தெரியும், பொம்மைகள் தெரியாது. விமானம் மேலிருந்து பார்ப்பதால் செங்குத்துப் பக்கங்களில் விழும் லேசர் மிகச் சொற்பம். உச்சியில் கலசங்கள் இருக்கும் இடத்தில் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒரு கலசத்துக்கு ஒன்றிரண்டு புள்ளிகள் இருக்கும், சிலவற்றுக்கு ஒன்றுமே இருக்காது. கலசத்தின் முனை விரல் தடிமன், புள்ளிகளின் இடைவெளியோ 32 சென்டிமீட்டர். முனையில் படுவது தற்செயல். ஆகவே உயரக் கருவி சொல்வது கலசத்தின் தோள் வரைக்கும்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கும்பாபிஷேகத்துக்குச் சாரம் கட்ட அந்த எண் போதும், கோபுரத்தின் உயரம் இவ்வளவு என்று கல்வெட்டில் பொறிக்கப் போதாது. கொடிமரமும் அப்படித்தான். அந்தரத்தில் தொங்கும் இரண்டு மூன்று புள்ளிகளாக இருக்கும், சமயத்தில் இரைச்சல் என்று வகைப்பட்டிருக்கும். 7, 18 வகைகளை ஒரு நிமிடம் திரும்ப இயக்கிப் பார்த்துவிட்டு அணையுங்கள்.

ரவீனுக்குக் குறுக்குவெட்டுக் கருவிதான் சரியானது. கரையிலிருந்து கரைக்கு ஒரு கோடு போட்டு, அகலத்தை 1 மீட்டர் வைத்து, குறுக்குவெட்டுச் சாளரத்தைத் திறங்கள். அகலம் மிகக் குறைந்தால் புள்ளிகளே அகப்படாது. மிக அதிகமானால் மேட்டுப் புள்ளியும் பள்ளப் புள்ளியும் கலந்து பட்டை தடித்துவிடும். முதலில் எல்லா வகைகளையும் வைத்துப் பாருங்கள், பிறகு 2 என்ற தரையை மட்டும் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு நிறையச் சொல்லும். மூங்கிலும் கொய்யாவும் அடைத்துக் கிடக்கும் இடத்தில் தரைப் புள்ளி மூன்று மீட்டருக்கு ஒன்றுதான் இருக்கும். நடுவில் உங்கள் கண் இழுக்கும் கோடு ஊகம் மட்டுமே. தண்ணீர் நிற்கும் இடம் ஓட்டையாகத் தெரியும். இந்த லேசரின் அகச்சிவப்பு ஒளியை நீர் விழுங்கிவிடுகிறது, ஆழம் கிடைக்காது. சாளரத்திலிருந்து புள்ளிகளை அட்டவணையாக ஏற்றுமதி செய்து விரிதாளில் வைத்துக்கொள்ளலாம்.

கன அளவுக் கருவியைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். போட்ரீயில் பெட்டியை மண்குவியல்மேல் வைத்தால் ஓர் எண் வரும். அது பெட்டியின் கன அளவு, குவியலின் கன அளவு அல்ல. 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரப் பெட்டி 120 கன மீட்டர் என்று காட்டும், உள்ளே குவியல் அதில் பாதிகூட இருக்காது. அந்த எண்ணை லாரிக்காரரிடம் கொடுத்தால் பணம் போய்விடும். சரியான வழி: குவியல் நெடுக ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு குறுக்குவெட்டு எடுத்து, ஒவ்வொன்றின் பரப்பையும் கணக்கிட்டுக் கூட்டுவது. அல்லது பெட்டியால் அந்த இடத்தை மட்டும் வெட்டிப் பார்த்து எல்லையைக் குறித்துக்கொண்டு, மூலக் கோப்பை கிளவுட்கம்பேர் என்ற மென்பொருளில் திறந்து அங்குள்ள இரண்டரைப் பரிமாணக் கன அளவுக் கணக்கைப் பயன்படுத்துவது.

எண் சரிதானா?

ரீயூனியன் தரவு ஆர்ஜிஆர் 92 என்ற ஆள்கூற்று ஆயத்தில், யுடிஎம் 40 தெற்கு என்ற வீழ்ப்பில் (உருண்டை பூமியைத் தட்டையான படமாக்கும் முறை) வருகிறது. அதன் இபிஎஸ்ஜி (EPSG) குறியீட்டு எண் 2975. சென்-ஆந்த்ரே பக்கம் கிழக்கு எண் 3 லட்சத்து 60 ஆயிரம் மீட்டரை ஒட்டியும், வடக்கு எண் 76 லட்சத்து 80 ஆயிரத்தை ஒட்டியும் இருக்கும். எண்கள் இந்த மாதிரி இல்லாமல் 55-ம் மைனஸ் 20-ம் என்று வந்தால் உங்கள் கோப்பு பாகையில் இருக்கிறது. அதில் தூரம் அளப்பதே அர்த்தமில்லை. இணைய வரைபடங்களின் மெர்கேட்டர் வீழ்ப்புக்கு மாற்றப்பட்டிருந்தால் அளவு வரும், ஆனால் இந்த அட்சரேகையில் நீளம் 7 சதவீதமும் பரப்பு ஏறக்குறைய 15 சதவீதமும் ஊதிப்போயிருக்கும். பார்ப்பதற்கு ஒரு குறையும் தெரியாது என்பதுதான் ஆபத்து.

யுடிஎம்மிலும் சின்ன வித்தியாசம் உண்டு. சென்-போல் கடற்கரையில் 1 கிலோமீட்டர் அப்படியே 1 கிலோமீட்டர். சென்-ஆந்த்ரேயில் 16 சென்டிமீட்டர் குறைவாகக் காட்டும். கிழக்குப் பக்கம் 2,000 மீட்டர் உயரத்துக்குப் போனால் குறைவு அரை மீட்டரை நெருங்கும். கோயில் வளாகத்துக்கு இது ஒரு பொருட்டே அல்ல, நீண்ட பாதைக்கும் வாய்க்காலுக்கும் மட்டும் பாருங்கள்.

இன்னொரு கோளாறைக் கண்ணாலேயே அடையாளம் காணலாம். வேறு ஏதோ கருவியில் மாற்றிய கோப்பைத் திறக்கிறீர்கள். கூரை, ரோடு எல்லாம் உழுத வயல் போல வரிவரியாக, வரிக்கு வரி சரியாக அரை மீட்டர் இடைவெளியில் நிற்கிறது. மூல லாஸ் கோப்பில் ஆள்கூறுகள் முழு எண்களாக, அளவுகோலோடும் பெயர்ச்சியோடும் இருக்கும், நுணுக்கம் போகாது. இடையில் ஒரு கருவி அவற்றை 32 பிட் தசம எண்ணாக மாற்றிவிட்டால், 76 லட்சம் போன்ற பெரிய எண்ணில் அரை மீட்டருக்குக் கீழே எழுத இடமில்லை. கிழக்கு எண் சிறியது என்பதால் அங்கே படி 3 சென்டிமீட்டர்தான், அதனால்தான் வரிகள் ஒரே திசையில் தெரிகின்றன. இழந்த நுணுக்கம் திரும்பாது. மூலக் கோப்பிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

பறந்த தேதியையும் பார்த்தே ஆக வேண்டும். ஒரு புள்ளியைப் புள்ளிக் கருவியால் தொட்டால் ஜிபிஎஸ் நேரம் என்று ஓர் எண் வரும். சீர்செய்த ஜிபிஎஸ் நேரம் என்றால் அதோடு 100 கோடி நொடியைக் கூட்டி, 1980 ஜனவரி 6-இலிருந்து எண்ண வேண்டும். அதாவது எண் 0 என்றால் 2011 செப்டம்பர் 14. உதாரணத்துக்கு 34 கோடி என்று இருந்தால் 2022 ஜூன் 23. ஜூன் என்றால் அறுவடைக்கு முந்தைய கரும்பு ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் காலம். உள்ளே லேசர் தரையைத் தொட்டது குறைவு, சோகைக்கு நடுவே இருக்கும் புள்ளி தரை என்று வகைப்பட்டிருக்கவும் கூடும். வரப்பு உயரத்தை அந்தக் கொல்லையில் நம்பாதீர்கள், பக்கத்துப் பாதையிலிருந்து எடுங்கள். அதுபோல 2025 பிப்ரவரி 28-இல் கரான்ஸ் புயல் தாக்குவதற்கு முன் பறந்த தரவில், ரவீனின் படுகை பழைய படுகை. வெள்ளம் அரித்த கரையை அதில் தேடிப் பயனில்லை.

ட்ரோன் தரவையும் ஐஜிஎன் தரவையும் ஒரே காட்சியில் வைத்தால் ஒன்றுக்குமேல் ஒன்று மிதக்கலாம். ட்ரோன் கோப்பு பூமியின் கணித வடிவத்திலிருந்து உயரம் சொல்லும், ஐஜிஎன் கோப்பு தீவின் 1989 உயர முறையிலிருந்து சொல்லும். கையால் நகர்த்திப் பொருத்தாமல் உயர முறையை மாற்றிக்கொண்டு வாருங்கள்.

எல்லாம் ஆன பிறகு ஒரு சோதனை. உங்களுக்கு நேரில் அளக்க முடிந்த, வெட்டவெளியில் உள்ள நீளம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கான்கிரீட் தளம், கூடைப்பந்து மைதானம் எதுவானாலும் சரி. டேப்பால் அளந்து, திரையில் அளந்து ஒப்பிடுங்கள். 20 மீட்டரில் 30 சென்டிமீட்டருக்குள் வேறுபட்டால் இயல்பு. ஒன்றரை மீட்டர் வேறுபட்டால் மேலே சொன்ன மெர்கேட்டர் கோளாறுதான், வேறெங்கும் தேட வேண்டாம்.

எல்லைத் தகராறுக்கு மட்டும் இந்த அளவைக் கொண்டுபோக முடியாது. 1946 மே 7 சட்டப்படி நில எல்லையை நிர்ணயிப்பது ‘ழெயோமேத்ர் எக்ஸ்பேர்’ என்ற பதிவுபெற்ற நில அளவையாளரின் வேலை. அவரைக் கூப்பிடுமுன் கேள்விகளைத் தயார் செய்ய இந்தப் படம் நல்ல துணை.

சங்கத்தாருக்குக் காட்ட

அளவுகளை போட்ரீயிலிருந்து ஜியோஜேசனாகவோ டிஎக்ஸ்எஃப்பாகவோ ஏற்றுமதி செய்து எடுத்துக்கொள்ளலாம். கட்டட வரைவாளர் கேட்பது பெரும்பாலும் இரண்டாவது. முழுக் காட்சியையும் இணையத்தில் ஏற்ற சாதாரண சர்வரே போதும், தரவுத்தளம் வேண்டாம். ஆனால் சர்வர் துண்டு துண்டாகத் தர வேண்டும், பெரிய புள்ளிக் கோப்பை வழியில் மறுபடி சுருக்கக் கூடாது. சுருக்கினால் துண்டுகளின் இடம் பிசகிப் படம் சிதறும். கிட்ஹப்பின் இலவசப் பக்கத்தில் வைக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 100 மெகாபைட்டுக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை அது ஏற்காது. முழுக் கட்டத்தையும் போடாமல், கோயிலைச் சுற்றி 200 மீட்டர் சதுரத்தை வெட்டி மாற்றினால் அடங்கிவிடும், கைப்பேசியில் பார்க்கும் பெரியவர்களுக்கும் சட்டென்று திறக்கும்.

பக்கத்தின் ஓரத்தில் நான்கு விவரங்களை எழுதி வையுங்கள்: பறந்த தேதி, குறியீட்டு எண் 2975, எந்தெந்த வகைகளை அணைத்து அளந்தீர்கள், தரவு ஐஜிஎன்னுடையது என்ற குறிப்பு. கடைசியானது திறந்த உரிமத்தின் நிபந்தனை. முதல் மூன்றும், அடுத்த வருடம் அதே மதிலை வேறொருவர் அளந்து வேறு எண்ணோடு வந்து நிற்கும்போது எடுத்துப் பார்ப்பதற்கு.